காத்தாடிவிளைக்கு நெட்டு வந்த விதம்

காத்தாடிவிளைக்கு முன்பு வேறொரு பெயர் இருந்தது என்றும், ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் முளைத்த பிறகு அந்தப் பெயர் காற்றோடு போயிற்று என்றும், தபால்காரர் மட்டும் அதைத் தன் முத்திரைக்கட்டையில் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றும் சொல்வார்கள். ஆனி பிறந்ததும் மலைக் கணவாய் வழியே புகுந்து ஆவணி வரைக்கும் ஊரை ஆட்டிவைக்கிற அந்தக் காற்று, கொடியில் காயும் வேட்டியை அடுத்த ஊர்க் குளத்தில் கொண்டுபோய்ப் போடும், அடுத்த ஊர்க் கல்யாணப் பாட்டை இங்கே கொண்டுவந்து சேர்க்கும், யார் வீட்டில் என்ன குழம்பு என்பதைத் தெருமுனை வரைக்கும் சொல்லிவைக்கும். இப்படி நல்லதும் கெட்டதும் காற்றில் வந்தே பழகிய ஊருக்கு இன்டர்நெட் என்கிற நெட்டும் காற்றில் வந்தபோது யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. ஐப்பசியில் வந்ததுதான் கொஞ்சம் இடித்தது. ஐப்பசியில் காற்றாலைகளே கைகட்டி நிற்கும்.

நெட்டு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் தங்கபுஷ்பம். காற்றாலைக் காவலாளி சுயம்புலிங்கத்தின் மனைவி, ஹாசினியின் அம்மா. ஹாசினிக்கு எட்டு வயதாகியும் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி பண்ணுகிறார்கள் என்று, அவள் அம்மாவின் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து சிவப்பாக இரண்டைப் பிய்த்து இரண்டு காதிலும் கம்மல் மாதிரி ஒட்டிக்கொண்டு போவாள். வேர்த்தால் ஒன்று விழுந்துவிடும், ஒற்றைக் கம்மலோடு திரும்பி வருவாள். காது குத்த மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டும். தாய்மாமன் இசக்கிராசா ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், அக்காள் கல்யாணத்தன்று சாயங்காலம், உடுத்தியிருந்த புதுச்சட்டையோடு பஸ் ஏறிப் போனவன். ஒரு கடிதாசி இல்லை, ஒரு போன் இல்லை.

மாமியார் வள்ளியம்மை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் நாள் குறித்துவிட்டாள்.

"ஏ புஷ்பம், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல வச்சுக் குத்திருவோம். ஒன் தம்பி வந்தா அவன் மடி. வரலேன்னா ஒன் பெரியப்பா மவன் செண்பகராமன் மடி. இதுக்கு மேல வளந்தா புள்ளை வலி தாங்குமாட்டி?"

செண்பகராமன் தங்கமானவன். அவனைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவன் மடியில் மகளை உட்காரவைத்த நிமிஷத்தில், எனக்குத் தம்பி இல்லை என்று சாஸ்தா முன்னால் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தங்கபுஷ்பம் பயந்தாள். அந்த வார்த்தை அவளுக்குப் புதிதல்ல என்பது ஊருக்குத் தெரியாது.

அப்பா போன பிறகு பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த தம்பியின் லேப்டாப் பரணில் கிடந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது, மூடியில் அவனே காம்பஸ் முனையால் கீறிய இ.ரா. என்ற எழுத்தோடு. அவன் மெயில் அதற்குள் திறந்தபடியே கிடக்கும், நெட்டு மட்டும் வந்துவிட்டால் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். தூசி தட்டி எடுத்துப்போய் வள்ளியூர் மொபைல் கடையில் கேட்டதற்கு, உள்ளேயிருக்கும் வைஃபை செத்து ரொம்ப நாளாச்சு, வெளியே செருகுகிற மாதிரி நகத்தளவில் ஒன்று வரும், அதைச் செருகிப் பாருங்கள் என்றார்கள். சுயம்புலிங்கம் காற்றாலை ஆபீசில் வேண்டாமென்று போட்டிருந்த பெட்டியைக் கிளறி நகத்தளவில் ஒன்றைக் கொண்டுவந்தான். "வயர்லெஸ்னு இதுலயே எழுதியிருக்கு, பாரு" என்று பெருமையாகக் கையில் கொடுத்தான்.

அன்றைக்குப் பார்த்து ஆயுத பூஜை. காத்தாடிவிளையில் அரிவாள், அம்மி, மோட்டார் பம்பு, காற்றாலையின் கால், எதுவானாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டார்கள். வைத்த சந்தனத்தைத் துடைக்கவும் மாட்டார்கள். அது காய்ந்து தானாக உதிரும்வரை அந்தச் சாமானில் சாமி இருக்கிறது என்பது வழக்கம். வள்ளியம்மை மூன்று விரலால் அள்ளி லேப்டாப் திரையின் வலது கீழ்மூலையில் பட்டையாக ஒரு பூச்சுப் பூசி நடுவில் குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகுதான் தங்கபுஷ்பம் அந்தச் சின்னச் சாமானைச் செருகினாள்.

லேப்டாப்பை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் தெருவே இரண்டுபட்டது. மேற்கே கணவாயைப் பார்த்து வைக்கவேண்டும், காற்று அங்கேயிருந்துதான் வரும் என்று ஒரு கட்சி. ஐப்பசியில் மேற்கே என்ன இருக்கிறது, வாடைக்கு ஏற்ற மாதிரி வடகிழக்கே வை என்று மறு கட்சி. டீக்கடை ஞானதிரவியம் இரண்டுக்கும் நடுவே திருப்பி வைத்தார். தங்கபுஷ்பம் சந்தனத்தின் ஓரத்தில் எட்டிப்பார்த்த சின்ன வைஃபை படத்தை அமுக்கினாள். மேல்நோக்கி ஒரு பட்டியல் விரிந்தது.

பட்டியலில் இருந்தவை ஊர்க்காரர்களின் பெயர்கள். ஞானதிரவியம், வள்ளியம்மை, கவுன்சிலர் அருணாசலவடிவு, மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற கொம்பையா என்று அறுபது வீட்டுப் பெரியவர்களும் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சிலருக்கு ஐந்து, சிலருக்கு மூன்று என்று சிக்னல் கோடுகள். அதை ஒட்டி ஒரு குட்டிப் பூட்டு. கோடு கூடினவர்கள் மேலே, குறைந்தவர்கள் கீழே. செத்துப்போனவர்கள் இல்லை, தங்கபுஷ்பம் முதலில் தன் அப்பா பெயரைத்தான் தேடினாள். இசக்கிராசா பெயரும் கண்ணில் படவில்லை. அவளுடைய பெயர் மூன்று கோடோடும் ஒரு பூட்டோடும் நடுவில் இருந்தது.

"ரேஷன் கார்டுலகூட எம் பேரைத் தப்பாத்தான் போட்டிருக்கான். இது சரியாப் போட்டிருக்கே" என்றார் ஞானதிரவியம். தன் பெயரை அமுக்கச் சொன்னார். பாஸ்வேர்டு கேட்டது. பிறந்த தேதியைப் போட்டார், பெண்டாட்டி பேரைப் போட்டார், ஞாயிறுதோறும் ஜெபத்துக்குப் போகிற வேதக்கோயில் கட்டின வருஷத்தைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றவர், "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க மக்கா" என்று சொல்லிவிட்டு ஒற்றை விரலால் எதையோ நீளமாக எழுதினார். பூட்டு கழன்றது. நெட்டு வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை இருந்தது, எழுந்து கடைக்குப் போனதும் போயிற்று. என்ன எழுதினார் என்பதை அன்று சாயங்காலம் அவரே பெண்டாட்டியிடம் சொல்லி, அது காலைக்குள் ஊரெல்லாம் தெரிந்தது. இருபத்தேழு வருஷமாகக் கடை நடத்துகிற மனுஷனுக்கு டீ என்றால் குமட்டுமாம்.

யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பதுதான் அவரவர் பாஸ்வேர்டு என்பது அப்படித்தான் பிடிபட்டது. இது எதனால், எப்படி என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. எப்போது வரலாம், செருப்பைக் கழற்ற வேண்டுமா என்றுதான் கேட்டார்கள். ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும் என்ற ஒழுங்கு ஒரே வாரத்தில் உண்டாயிற்று. அப்படி நிற்பவர்கள் பார்ப்பதற்கென்று சுயம்புலிங்கம் அந்தச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டினான், அதனால் காத்தாடிவிளையில் அந்த வருஷம் யாரும் ஏகாதசியை மறக்கவில்லை. பாஸ்டர் ஒரு ஞாயிறு வந்து பார்த்துவிட்டு, பொய்க்கு இது திறக்கவில்லையே, அதுவரைக்கும் நல்லது என்றார். பூசாரி அமாவாசையன்று மட்டும் மஞ்சள்துணி போட்டு மூடிவைக்கச் சொன்னார். காற்றாலை எஞ்சினியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, இதற்குச் சாத்தியமே இல்லை என்று சொன்னார். அவருக்கு ஒரு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

கோடுகள்தான் ஊரை அதிகம் ஆட்டின. ஐந்து கோடு இருந்தவர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். கவுன்சிலர் அருணாசலவடிவுக்கு இரண்டே கோடு என்றதும், மெஷினில் கோளாறு என்று சொல்லி அதை நாலு திசைக்கும் திருப்பிப் பார்த்தார். நாலு திசையிலும் இரண்டுதான். பட்டியலின் அடியில், சந்தனத்துக்கு மேலே கடைசியாகத் தெரிந்த பெயர் கொம்பையாவுடையது, ஒரே கோடு. தெருக்கோடியில் தனியாக இருக்கிற அந்த மனுஷன் என்ன சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அன்றைக்கே ஒரு வீட்டிலிருந்து சொதி போயிற்று, மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு, கார்த்திகை முடிவதற்குள் தூக்குவாளிகள் அவர் வாசலில் வரிசைகட்டின. கொம்பையாவுக்கு மூன்று கோடு வந்தது. அவருக்குப் பதில் கீழே இறங்கினவருக்குத் தூக்குவாளி திரும்பியது. இப்படியே மார்கழி போயிற்று, தை போயிற்று, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசாமல் பன்னிரண்டு வருஷம் கழித்த ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பூட்டைத் திறந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே அழுது தீர்த்தார்கள்.

இவ்வளவிலும் தங்கபுஷ்பத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஞானதிரவியம் திறந்த முதல் நாளே அவள் தம்பியின் மெயிலைத் திறந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக வேலைவாய்ப்பு விளம்பரங்கள் மட்டும் வந்து குவிந்திருந்தன. அவன் யாருக்கும் எழுதியிருக்கவில்லை. அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் ஒன்றுதான் இருந்தது, அவன் போனதற்கு மறுநாள் தேதியிட்டது. மேலே அக்கா என்று எழுதியிருந்தது. கீழே வெறுமையாக இருந்தது. அதை அவள் ஐந்து மாதமும் தினம் ஒருமுறை திறந்து பார்த்தாள், ஒரு எழுத்தாவது முளைத்திருக்காதா என்று.

அவளுடைய சொந்தப் பூட்டும் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு அவளும் உட்கார்ந்து எழுதித்தான் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் திருடித் தின்ற நெல்லிக்காயை எழுதினாள். மாமியார் தலைக்குப் பின்னால் காட்டிய பழிப்பை எழுதினாள். பூட்டு அசையவில்லை. எதை எழுதினால் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதை எழுத விரல் வரவில்லை.

பங்குனி உத்திரம் ஞாயிற்றுக்கிழமை. முந்தின வியாழக்கிழமை காலையில் வள்ளியம்மை, செண்பகராமனுக்கு வேட்டி சட்டை எடுக்க ஆள் அனுப்பவா என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, பாவமாகத்தான் கேட்டாள். பக்கத்தில் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஹாசினி, "எம்மா, மாமாவுக்கு எம் பேரு தெரியுமா?" என்றாள்.

"தெரியாது" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஏன் தெரியாது?"

வீட்டில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கொம்பையா வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார், ஞானதிரவியம் பாலுக்கு வந்திருந்தார். தங்கபுஷ்பம் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாரும் வழக்கப்படி காலண்டர் பக்கம் திரும்பினார்கள்.

"யாரும் திரும்ப வேண்டாம்" என்றாள் அவள். "இங்கயே பாருங்க. நான் சொல்லிக்கிட்டே எழுதுதேன்."

அவள் சொன்னாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிவரும் வேனைத் தம்பி லேட்டாகக் கொண்டுவந்தான், அப்பா கை நீட்டி ஒரு அடி அடித்தார், அது ஊருக்கே தெரியும். அப்பா அடித்ததால்தான் பையன் ஓடிவிட்டான் என்று ஊர் சொல்லிற்று. அப்பாவே அதை நம்பி, கேட்டவர்களிடமெல்லாம் ஆமாம் என் கைதான் என்று சொல்லிச் சொல்லி, நாலாவது வருஷம் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்த அடிக்கு அவன் சிரிக்கத்தான் செய்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டு கொல்லையில் தண்ணித்தொட்டிப் பக்கம் வந்து, யக்கா, நல்லா இருக்கே என்றான்.

"நான் சொன்னேன், ஒன்னால என் மானம் போச்சு, நீ எனக்குத் தம்பியே இல்ல, இனி என் மூஞ்சில முழிக்காதன்னு சொன்னேன். வேற யாரு காதுலயும் விழல. அவன் போனதுக்கு அப்பா காரணமில்ல. நான்தான். அப்பா சாவுற வரைக்கும் நான் வாயைத் தொறக்கல."

எழுதி முடித்து அமுக்கினாள். பூட்டு கழன்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. காலண்டர் தாள் மட்டும் படபடத்தது. சுயம்புலிங்கம் வந்து அவள் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

வள்ளியம்மை பக்கத்தில் வந்தாள். குனிந்து திரையைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் சந்தனம் வெடித்து ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது, ஒரே கோடு.

"இது யாரு கோடு? கொம்பையா அண்ணாச்சி மேல ஏறியாச்சே" என்றாள்.

யாரும் பதில் சொல்வதற்குள், சந்தனத்தைத் துடைக்கக்கூடாது என்று நாற்பது வருஷமாக ஊருக்கே சொல்லிக்கொடுத்த வள்ளியம்மை, முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, சாமியே தப்பா எடுத்துக்காத என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அழுத்தித் துடைத்தாள். குங்குமமும் சந்தனமும் கலங்கி வழிந்த இடத்தில், பட்டியலின் கடைசி வரியாக, இசக்கிராசா என்று இருந்தது. ஒரு கோடு. பூட்டு இல்லை.

அறுபது வீட்டில் பூட்டில்லாத பெயர் அது ஒன்றுதான். தங்கபுஷ்பம் அதை அமுக்கினாள். எதுவும் கேட்காமல் சேர்ந்துகொண்டது. அவள் அப்படியே திரையில் நெற்றியை வைத்து, "வந்துருல தம்பி" என்று சத்தமாகவே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இசக்கிராசாவுக்கு இரண்டு கோடு. பார்க்க வந்தவர்கள் வாசல் கொள்ளாமல் தெருவில் நின்றார்கள். சனிக்கிழமை மூன்று. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டியிருந்த ஒலிபெருக்கியை வாங்கி கவுன்சிலர் அருணாசலவடிவு மணிக்கு ஒருதரம் அறிவித்தார்: "இசக்கிராசா இப்போது மூன்று கோட்டில் வந்துகொண்டிருக்கிறார்." செண்பகராமன் தனக்கு எடுத்திருந்த வேட்டியைத் தானே கொண்டுவந்து, இது அவன் அளவுதான் என்று கொடுத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை மஞ்சள்துணியில் சுற்றிச் சாஸ்தா கோயிலுக்குத் தூக்கிப்போனார்கள். மைக்செட்காரரின் ஜெனரேட்டரில் வயரைச் செருகித் திறந்தபோது நாலு கோடு. ஒன்பதரையிலிருந்து பத்தரை வரைக்கும் நல்ல நேரம். பத்து மணிக்கும் நாலு கோடு. காது குத்த வந்த ஆசாரி தங்கக்கம்பியை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்துவிட்டு வெயிலைப் பார்த்தார். பத்தேகாலுக்கும் நாலு கோடு. வள்ளியம்மை சாஸ்தாவின் குதிரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகராமன், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் போய் ஒரு பனைக்குப் பின்னால் நின்றுகொண்டான். தங்கபுஷ்பம் எதையும் பார்க்கவில்லை, ஹாசினியின் கையைப் பிடித்தபடி ரோட்டை மட்டும் பார்த்தாள்.

ஐந்தாவது கோடு விழுந்ததை அருணாசலவடிவு ஒலிபெருக்கியில் சொல்லி முடிப்பதற்குள் நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. தாடியும் முதுகுப்பையுமாக, பையில் தொங்கிய மஞ்சள் ஹெல்மெட்டோடு இறங்கினவனிடம், பஸ்ஸடியில் காத்துநின்ற ஞானதிரவியம் அப்பா இல்லை என்பதையும் ஹாசினி இருக்கிறாள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கண் சிவந்து வந்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நேரம் இல்லை. வேட்டியைப் பேன்ட்டுக்கு மேலேயே சுற்றிவிட்டு ஆசாரி முன்னால் உட்காரவைத்தார்கள், மடியில் ஹாசினியை வைத்தார்கள். குஜராத்தில் கடலோரமாக இருக்கிற காற்றாலைகளில் ஏறி வேலைபார்க்கிறானாம், அங்கேயும் எந்நேரமும் காற்றுதானாம்.

"மாமா, எம் பேரு ஹாசினி" என்றாள் பிள்ளை.

"பொட்டை எடும்மா" என்றார் ஆசாரி. ஹாசினி இரண்டு காதிலிருந்தும் சிவப்புப் பொட்டைப் பிய்த்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த மாமாவின் இரண்டு காதிலும் ஒட்டிவிட்டாள்.

அவன் மஞ்சள்துணிமேல் இருந்த லேப்டாப்பைப் பார்த்தான், அதில் செருகியிருந்ததைப் பார்த்தான். "யக்கா, இது மவுசுக்குள்ளது. இதுல எப்படி நெட்டு வரும்?"

"அதெல்லாம் வருது" என்றார் கொம்பையா.

தங்கபுஷ்பம் தம்பிக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "ஏல, இத்தனை நாளு எங்கல கிடந்த? இப்போ மட்டும் எப்படித் தெரிஞ்சு வந்த?" என்றுதான் வந்தது.

அவன் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் காட்டினான். "இதுல தெரியும்க்கா. எந்தக் காத்தாடி மேல ஏறி நின்னு பாத்தாலும் கடைசில ஒம் பேரு வரும், பூட்டோட. ஒம்பது வருஷமும் தெனமும் பாப்பேன். வியாழக்கிழமை பாத்தேன், பூட்டைக் காணோம். அப்படியே எறங்கி ரயிலேறிட்டேன்."

ஆசாரி கம்பியை எடுத்தார். ஹாசினி மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, இரண்டு காதிலும் சிவப்புப் பொட்டோடு, அக்காளைப் பார்த்துச் சிரித்தான். அடி வாங்கின அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. பத்தரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது காது குத்தி முடிந்தது. ஹாசினி அழவில்லை, அவளுக்கும் சேர்த்து அவள் அம்மா அழுதாள்.